எரியுதா என்று கேட்கவில்லை

ஜூன் 9, திங்கள்

மங்கையை இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் வலப்பக்கம் இறங்கியிருக்கிறது. பேச்சு இல்லை. 'அது' என்கிற ஒரு சொல்தான் வருகிறது. தண்ணீருக்கும் 'அது', வலிக்கும் 'அது', ஜன்னலைச் சாத்துவதற்கும் 'அது'.

"அவங்களுக்கு எல்லாம் புரியுது சார். வார்த்தைதான் வெளிய வரல" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். தினமும் மங்கை என்ன செய்தாள், என்ன சொல்ல முயன்றாள் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேதியியல் ஆசிரியனுக்குச் செய்முறை நோட்டு திருத்தித்தான் பழக்கம்.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது மங்கை இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தூக்கி வந்தவர், "அப்படி மூடக் கூடாதும்மா" என்று விலக்கினார். மறுபடியும் மூடிக்கொண்டாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள்.

கஞ்சியைக் குழைத்து ஊட்டினேன். பாதி வெளியே வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஏஜென்சியிலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது. பெயர் எஸ்தர். சமாதானபுரத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். காலையில் வந்து மாலை விளக்கு வைக்கும்போது போய்விடுவாள். மங்கையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதை இரண்டு தடவை செய்து காட்டினாள். நான் செய்தபோது என் முதுகு பிடித்துக்கொண்டது.

மகள் மதி புனேவுக்குக் கிளம்பிவிட்டாள். இனிமேல் அவளுக்கு லீவு இல்லை. ரயிலேறும்போது, "எது ஆனாலும் என்கிட்ட சொல்லுங்கப்பா, மறைக்காதிய" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாளாக மாலையானால் மங்கை அடுக்களையைக் கை காட்டுகிறாள். "அது, அது." தண்ணீர் கொடுத்தேன், இல்லை. மோர், இல்லை. இட்லி மாவுப் பாத்திரத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கோபம் வந்தது.

மதியிடம் போனில் சொன்னேன்.

"ஃபிரிட்ஜையாப்பா காட்டுறாங்க?"

"ஆமா."

"ஐயோ அப்பா. கதவுல அம்மாவோட சீரம் எல்லாம் இருக்கும். மூஞ்சிக்குப் போடுறது. ஒரு மாசமா ஒண்ணுமே போடலல்ல?"

உயிர் பிழைத்து வந்ததே பெரிது. இதில் மூஞ்சிக்கு என்ன. ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஃபிரிட்ஜில் ஒன்று, கண்ணாடி அலமாரியில் மற்றவை. கட்டில்மேல் பரப்பியதும் மங்கை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தபால் நிலையக் கவுன்டரில் இருபது வருடம் முத்திரை குத்திய கை. தொட்டது அந்தக் கையில்லை, இடது கை.

மதி பிறந்தபிறகு மங்கைக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. சந்தனம், ஜாதிக்காய், எலுமிச்சை என்று என்னென்னவோ செய்தாள். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எது என்ன செய்யும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று போனில் மணிக்கணக்கில். மங்கு மெல்ல மெல்லக் குறைந்தது உண்மைதான். நான் அதை அவளிடம் சொன்னதாக நினைவில்லை.

ஜூன் 13, வெள்ளி

லேபிள்களைப் படித்தேன். நமக்குத் தெரியாததா. வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். கிளைக்காலிக் அமிலம், கரும்பிலிருந்து எடுப்பது, ஏழு சதவீதம். நியாசினமைடு, வைட்டமின் பி வகை. ரெட்டினால், வைட்டமின் ஏ வகை. பிறகு ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். ஆய்வகத்தில் இதைவிடக் கடுமையானதைக் கையில் கொட்டிக்கொண்டு குழாயில் கழுவிவிட்டுப் போனவன் நான்.

எஸ்தர், "நான் போட்டு விடட்டுமா சார்? எது எப்பம்னு அக்காட்ட ஒண்ணொண்ணா காட்டிக் கேட்டா கண்ணாலயே சொல்லிருவாங்க" என்றாள். பாட்டில்களைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் விலை கூடியது, கொட்டிவிடுவாள்.

அவள் போன பிறகு நானே போட்டேன். காலையில் மாத்திரை, துடைப்பது, பயிற்சி என்று நேரமே கிடையாது. அதனால் எல்லாவற்றையும் மாலையில் ஒரே தடவையாக முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் பாட்டிலைப் போட்டதும் மங்கை ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்று என்கிறாள் என்று அடுத்ததைத் திறந்தேன். மறுபடியும் ஒரு விரல். நாலும் போட்டு முடித்தேன்.

ஜூன் 14, சனி

மாலையில் போட்டேன். கையைத் தட்டிவிட்டாள். கேட்டதும் அவள்தான், இப்போது வேண்டாம் என்பதும் அவள்தான். பிடிவாதம் மட்டும் பக்கவாதத்தில் போகவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டு முடித்தேன். இரண்டு நிமிட வேலை.

துணி துவைக்கவில்லை. நாளைக்கு.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் போட்டேன். அழுதாள். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

காலையில் எஸ்தர் கூப்பிட்டாள். மங்கையின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. மூக்கின் இரு பக்கமும் தோல் நனைந்த காகிதம் மாதிரி சுருங்கி நின்றது.

"சார், சாயந்தரம் என்ன போட்டிய?"

"எப்பவும் அவ போடுறதுதான்."

"எல்லாத்தையுமா?"

மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்து தடவினேன். மதிக்கு வீடியோவில் காட்டவில்லை. ஒவ்வாமையாக இருக்கும். மாத்திரைதான் எத்தனை மாறியிருக்கிறது.

ஜூன் 18, புதன்

தோல் டாக்டரிடம் போனோம். மங்கையை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் எனக்கும் எஸ்தருக்கும் மூச்சு வாங்கியது. எஸ்தர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஷமீமாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்க்காமல் மங்கைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மங்கையர்க்கரசி, நான் கேக்குறதுக்கு ஆமான்னா கண்ணை ஒரு தடவை மூடுங்க, இல்லைன்னா ரெண்டு தடவை. சரியா?"

மங்கை மூடினாள்.

"எரியுதா?"

மூடினாள்.

"போடும்போதே எரிஞ்சுதா?"

மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலப்பக்கத்தில் அவளுக்கு உணர்ச்சி குறைவு, இடப்பக்கம் முழுக்கத் தெரியும் என்று டாக்டர் விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார். எனக்கு அது இதுவரை தெரியாது.

பாட்டில்களை மேசையில் வைத்தேன். வரிசையாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்ல சாமான்தான். ஆனா ஒரே நேரத்துல போடுறதுக்கு இல்ல. கிளைக்காலிக் மேல் தோலை உரிச்சு எடுக்கும். ரெட்டினால் அடித்தோலை வேகமாப் புதுப்பிக்கும். ரெண்டையும் ஒரே ராத்திரி போட்டா உரிச்ச இடத்துலயே மறுபடி உரசுற மாதிரி. அதுமேல வைட்டமின் சி வேற. அது காலையில, சன்ஸ்கிரீனுக்கு அடியில போடுறது. நியாசினமைடு ஒண்ணுதான் இதுல சாது." பிறகு கேட்டார். "நடுவுல எத்தனை நாள் போடாம இருந்தாங்க?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அப்ப தோலுக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். ரெட்டினால்னா பட்டாணி அளவு, வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கும் முன்னால, உணர்ச்சி இருக்கிற பக்கம் தாடையோரம் கொஞ்சூண்டு தடவி ரெண்டு மூணு நாள் பார்க்கணும். இது யார் போட்டது?"

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அமிலம் கையாள்வதைப் பற்றி முப்பது வருடம் பாடம் எடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு வாயில் வந்தது வேறு.

"வீட்டுக்கு ஒரு பொண்ணு வருது டாக்டர். அது தெரியாம போட்டுட்டு."

மங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "அது. அது. அது. அது" என்று நாற்காலிக் கையில் இடது கையால் அடித்தாள்.

"என்னமோ சொல்ல வர்றாங்களே?"

"களைப்பு டாக்டர். காலையில சரியா சாப்பிடல."

மெடிக்கல் டியூபையும் காட்டினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். சிவப்பை அமுக்கி நன்றாக ஆன மாதிரி காட்டும், கேட்காமல் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்றார். அதை அவரே குப்பைக்கூடையில் போட்டார். இனி காரம் இல்லாத ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். வேறு எதுவும் கூடாது, மஞ்சள்கூட. ஜன்னலோரம் படுத்தாலும் கண்ணாடி வழியாக வெயில் வேலை செய்யுமாம். "எரிஞ்ச இடம் கருக்கலாம். மங்கு இருந்த முகம் வேற. தெளிய மாசக்கணக்காகும்" என்றார்.

டாக்டரிடம் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், அவ்வளவுதான். எஸ்தருக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது.

ஜூன் 19, வியாழன்

மதி வீடியோவில் பார்த்துவிட்டாள். "யாருப்பா இப்படிப் பண்ணது?" என்று கத்தினாள். டாக்டரிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்ல முடியுமா.

"நான் ஏஜென்சிக்குப் பேசுறேன்."

"வேண்டாம்ட்டி, பாவம்."

"பாவமா? வாய் பேச முடியாத ஆளுப்பா அம்மா. நீங்க பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எஸ்தர் வரவில்லை. ஏஜென்சியிலிருந்து போன். "ஆளை மாத்திட்டோம் சார். மன்னிச்சுக்கிடுங்க. இனிமே அவங்களை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம்."

மங்கை எட்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

புதிதாக வந்த அம்மாள் இரண்டு நாள் போன் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, தூக்க முடியவில்லை என்று நின்றுவிட்டாள். வேறு ஆள் அடுத்த வாரமாம். தலைமையாசிரியரிடம் லீவை நீட்டச் சொன்னேன். "பிளஸ் டூ கிளாஸ் சும்மா கெடக்கு, ஆவுடையப்பன்" என்றார். எனக்குத் தெரியாதா.

மாய்ஸ்சரைசர் போடப் போனால் மங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தாடையைப் பிடித்துத் திருப்பப் போன கையை நானே எடுத்துக்கொண்டேன். டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

கஞ்சி. மாத்திரை. பெட்பேன். விரிப்பு. கஞ்சி. குக்கர் இரண்டு விசிலா மூன்றா என்று மறந்து போகிறது. மங்கை இன்று 'அது'வும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தார். மங்கை வாயைத் திறக்கவே இல்லை. "போன வாரம் நல்லா முயற்சி பண்ணாங்களே, என்ன ஆச்சு சார்?" என்று இந்த நோட்டைக் கேட்டார். கொண்டு வந்து கொடுக்கவில்லை. எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 28, சனி

வீக்கம் வடிந்துவிட்டது. தோல் உரிந்து அடியில் புதுத் தோல். இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருப்பாக நிற்கிறது. மூக்கின் ஓரத்திலும்.

சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. என் கையால் வேண்டாம் என்றால் வேறு யார் கையால் வாங்குவாள்? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். அதே பாட்டில்கள், அதே வரிசை, அதே சொட்டு, என் முகத்தில். மூன்று மாலை. சோதனையை முதலில் தன்மேல் செய்துகொள்ள வேண்டியவன் ஆசிரியன்தான். நேற்று முதல் நாள். லேசாகக் கூசியது, பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியொன்றும் பெரிதில்லையே என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

இன்று இரண்டாம் நாள். சவரம் செய்த இடத்தில் எறும்பு கடிக்கிற மாதிரி.

ஜூலை 2, புதன்

மூன்றாவது நாள். ரெட்டினாலைத் தடவியதும் பச்சை மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்டிற்று. பொறுத்துப் பார்க்கலாம் என்று எதிரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் காட்டினேன்.

என் மணிக்கட்டை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதனால் கழுவ முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

கன்னம் இரண்டும் தக்காளி. பால்காரர், "என்ன சார், குளவி கொட்டிட்டா?" என்றார்.

காலையில் மங்கைக்கு முகம் துடைக்கத் தண்ணீர் கொண்டு போனபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் பாட்டில்கள் இருந்த தட்டைக் கட்டில்மேல் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, பிறகு என் முகத்தைக் காட்டினேன். "நானே போட்டுப் பார்த்தேன் மங்கை. மூணு நாள். உனக்குப் போட்ட மாதிரியே."

திரும்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இடது கையைத் தூக்கி என் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். நான் முகத்தைச் சுளித்தேன் போலிருக்கிறது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

"கோட்டி" என்றாள்.

தெளிவாக. பிசிறில்லாமல். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து நான் செய்கிற எந்தக் கோணல் காரியத்துக்கும், பைத்தியம் என்பதற்குப் பதிலாக அவள் சொல்கிற சொல். ஆஸ்பத்திரியில் அத்தனை படம் காட்டி, அத்தனை மணியடித்து வராத சொல்.

"இன்னொருக்கா சொல்லு."

"கோட்டி. கோட்டி." வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், தோல் வலித்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோய், அவள் வாசலைப் பார்த்தாள். உதட்டைக் கூட்டினாள். "எ... எ... எஸ்."

தெரியாத மாதிரி இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"எஸ்தரா?"

கண்ணை ஒரு தடவை மூடினாள்.

ஜூலை 5, சனி

பக்கத்து வீட்டு வேலம்மாளை இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டு சமாதானபுரம் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். எஸ்தர் வாசலில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிடவில்லை.

"எஸ்தர், அது நான் போட்டது. உன் பேர்ல தப்பு இல்ல."

"தெரியுமே சார்."

"டாக்டர்கிட்ட வாய் தவறி..."

"வாய் தவறலாம் சார். மறுநாள் மதி பாப்பாட்டயுமா தவறும்?" ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "கதவு பாதி தொறந்துதான் கெடந்துச்சு. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அக்கா நாக்காலியில அடிச்சதும் கேட்டுச்சு. நீங்களே பாப்பாட்ட சொல்லிருவியன்னு நெனச்சேன். ஏஜென்சியில கூப்பிட்டு, வாய் பேசாத பொம்பளை மூஞ்சியில ஆசிட்டைப் போட்டவன்னு என்னைச் சொன்னாவ சார். ஆசிட்டு! இப்பம் ஒரு மண்டபத்துல பாத்திரம் கழுவுதேன்."

"மன்னிச்சிரு."

"எனக்கு என்னத்துக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்கள்ட்ட போய்ச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். வெயில் கன்னத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது.

ஜூலை 6, ஞாயிறு

தெரியாதவர்களிடம் சொன்னேன்.

முதலில் ஏஜென்சி. மேலாளர், "எழுத்துல குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மதி. மங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, போனை இரண்டு பேரும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா தட்டிவிட்ட கையைப் பிடித்துக்கொண்டதையும்.

மதி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பிடிச்சுக்கிட்டா போட்டிய?"

"ஆமா."

"அம்மா, உண்மையா?"

மங்கை என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை ஒரு தடவை மூடினாள். மதி போனை வைத்துவிட்டாள்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் உலை வைத்தேன். மங்கை ஒரு கிண்ணம் கஞ்சியை முழுக்கக் குடித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

தேரோட்டம். ஊரெல்லாம் சத்தம். எங்கள் தெருவில் ஆளே இல்லை.

மதி பேசினாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும் தோல் டாக்டர். என் முகத்தையும் மங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்பதற்குள் சொன்னேன். "போனவாட்டி பொய் சொன்னேன். போட்டது நான். அந்தப் பொண்ணை பாட்டிலைத் தொடவே விடல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க சொல்ல வந்தது இதுதானா?"

மங்கை கண்ணை மூடித் திறந்தாள்.

எனக்கும் ஒரு மாய்ஸ்சரைசர் எழுதிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாட்டில்களைப் பற்றி மங்கையிடமே கேட்டார். தோல் நன்றாக ஆறியபிறகு, ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு. முதலில் நியாசினமைடு வேண்டுமா? ஆமாம். காலையில் வைட்டமின் சி, அப்புறம் பார்ப்போமா? ஆமாம். கிளைக்காலிக்? இரண்டு தடவை மூடினாள். ரெட்டினால்? கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு தடவை. "இப்ப வேண்டாமா, எப்பவுமேவா?" என்றார். மங்கை இடது கையை மெல்ல ஆட்டினாள், பார்க்கலாம் என்கிற மாதிரி. சன்ஸ்கிரீனை எடுத்துக் காட்டியபோது அவர் கேட்பதற்கு முன்னாலேயே கண்ணை மூடினாள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கருப்பு தெளிய ஆறு மாதம்கூட ஆகலாம். முழுக்கத் தெளியாமலும் போகலாம்.

அதைக் கேட்டபோது மங்கை என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வேறு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். சிறியவள், நிதானமாக இருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். செய்முறை வகுப்பில் ஒரு மாணவி, "சார், மூஞ்சி ஏன் உரியுது?" என்றாள். என்ன செய்தேன் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. யாருக்குச் செய்துவிட்டு அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை.

ஏஜென்சி எஸ்தரைத் திரும்ப எடுத்துக்கொண்டதாம். எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு வீடு. எங்கள் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எஸ்தரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஜூலை 20, ஞாயிறு

மாலையில் எஸ்தர் வந்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த சேலையோடு. என்னிடம், "அக்காவைப் பாக்க வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மங்கையின் குரல் கேட்டது.

"எஸ்... தர்."

முழுப் பெயர். பாலை இறக்க மறந்தேன், பொங்கிக் கையைச் சுட்டுவிட்டது.

காபியைக் கொண்டு போனபோது எஸ்தர் மங்கையின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்துக் கருப்பைப் பார்த்தாள். கட்டிலோரத்தில் மாய்ஸ்சரைசர் டப்பா இருந்தது. புதிதாக வருகிற பெண் சாயந்தரம் போடாமலே போய்விட்டாள். எஸ்தர் அதை எடுத்தாள்.

"அக்கா, நான் போட்டு விடட்டா? இல்ல, சார் போடட்டுமா?"

மங்கை இரண்டு பேரையும் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறக்க முடியவில்லை. முழங்காலுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். நான் ஓர் அடி முன்னே வைத்தேன். எஸ்தர் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. நின்றுவிட்டேன். மூடி சுழன்று தரையில் விழுந்து உருண்டு ஓடியது.

இரண்டு விரலில் எடுத்து நெற்றியில் வைத்தாள், இடது கன்னத்தில் வைத்தாள், தாடையில் வைத்தாள். மெல்ல, வட்டமாக, அழுத்தாமல் தடவினாள். கருப்பு இருந்த இடத்தில் விரல் கொஞ்சம் கூட நேரம் நின்றது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறாள். கண்ணை எடுக்கவில்லை.

வலது கன்னம், காதோரம் முழுக்க விட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கம் தொட்டால் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். அவளே பார்த்து, மறுபடியும் டப்பாவில் விரலை விட்டாள்.